ஒருவருக்கு ஒரு வார்த்தை

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, 'டீப்லி இன்டெப்டட்' என்ற வார்த்தையின் மேல் தங்கையன் ஒரு கோடு போடுகிறார். பக்கத்தில் 'சரோஜம் மேடம், கேஷ் செக்‌ஷன்' என்று எழுதுகிறார். சரோஜம் சற்று முன்புதான் பணி ஓய்வு பெற்று, மாலையும் பூச்செண்டுமாக ஜீப்பில் ஏறி வீட்டுக்குப் போனார். இனி அந்த வார்த்தை அவருக்குச் சொந்தம். தங்கையன் வாயிலிருந்து அது வேறு யாருக்கும் கிடைக்காது.

கேரளத்தில் வஞ்சியூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் தங்கையன் அட்டெண்டர். இருபத்திரண்டு வருஷமாக அழைப்பு மணிக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். ஃபைல்களை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போகும்போது உதடு முணுமுணுக்கும். ஜபம் என்று நினைத்துவிடாதீர்கள். 'இமென்ஸ்லி கிரேட்ஃபுல், இமென்ஸ்லி கிரேட்ஃபுல்' என்று உருப்போடுகிறார். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் தோற்றவர். கல்யாண அழைப்பிதழ், வங்கிக் கடிதம், துபாயிலிருந்து வந்த பார்சலின் உள்ளே கிடந்த துண்டுச்சீட்டு என்று எங்கே நன்றி தென்பட்டாலும் அதைப் பிடித்து நோட்டில் போட்டுக்கொள்வார்.

அலுவலகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் நன்றி சொல்வது தங்கையன்தான். அதிகாரிகள் பேசி முடித்த பிறகு கடைசியாக மைக்கைப் பிடிப்பார். தமிழும் மலையாளமும் கலந்து நாலு வாக்கியம், முடிவில் இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை. அதற்கு ஒரு தராசு வைத்திருக்கிறார். "அப்ரிஷியேட்டுன்னா வேலைக்கு உள்ளது. கிரேட்ஃபுல்லுன்னா மனசுக்கு உள்ளது. இன்டெப்டட்டுன்னா நம்மளால திருப்பிக் குடுக்க ஒக்காதது. மாத்திச் சொன்னா பாவமாக்கும்" என்பார். எல்லோரையும் படாதபாடு படுத்திய ஒரு சூப்பிரண்டு ஓய்வு பெற்றபோது, 'வி அக்நாலெட்ஜ் யுவர் சர்வீஸ்' என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டார். சூப்பிரண்டு பூரித்துப் போனாராம். பிறகு விசாரித்தவர்களிடம் தங்கையன், "தபால் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்குவோம்லா, அதுதான். கிடைச்சுது. அவ்வளவுதான்" என்றாராம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மனைவி ஜெயபாய் அதே அலுவலகத்தில் கிளார்க். நான் சாலைக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் பார்ப்பவன். ஓய்ந்த நேரத்தில் பத்திரிகைகளுக்கு எழுதுபவன். எங்கள் வீட்டில் மீன்குழம்பு இல்லாத நாள் உண்டு, தங்கையன் பேச்சு இல்லாத நாள் கிடையாது. எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. காரணத்தை மூடி மறைப்பானேன்? பொறாமை. நான் எழுதியது அச்சில் வந்தால் ஜெயபாய் அதன்மேல் காய்கறி நறுக்குவாள். தங்கையன் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் மூன்று நாள் வாயில் வைத்துச் சுவைப்பாள்.

இந்த மே மாதம் அவளும் ஓய்வு பெற்றாள். கேரளத்தில் மே முப்பத்தொன்று அரசு அலுவலகங்களுக்குப் பெரிய முகூர்த்த நாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு வயது சரியாக வரவேண்டும் என்று அந்தக் காலத்தில் ஊரில் பாதிப்பேருக்கு மே மாதத்திலேயே பிறந்தநாளை எழுதி வைத்துவிட்டார்கள். ஜெயபாய் பிறந்தது ஐப்பசி அடைமழையில். ரெக்கார்டில் மே பன்னிரண்டு; பிறந்த மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. அவளோடு சேர்த்து அந்த ஓர் அலுவலகத்தில் அன்றைக்கு ஆறு பேர் ஓய்வு.

ஒரு மாதமாக வீட்டில் ஒரே கேள்விதான். "தங்கையன் எனக்கு என்ன வார்த்த வச்சிருக்கானோ?" தலை வாரும்போதும் கேட்டாள், கடலைக்கறி கிண்டும்போதும் கேட்டாள். எங்கள் கல்யாணத்தின்போதுகூட அந்த முகத்தில் இவ்வளவு எதிர்பார்ப்பை நான் கண்டதில்லை.

"ஒரு வார்த்தைக்கா இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்காமலே திரும்பினாள். "உங்களுக்க வாயிலேருந்து எப்பமாவது ஒண்ணு வந்திருந்தா, நான் ஏன் அவனுக்க வாயப் பாத்துட்டு நிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே, அவள் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கிற சாக்கில் அலுவலகத்துக்குப் போனேன். ஜெயபாய் ரெக்கார்டு அறையில் இருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று தங்கையனிடம் நைசாக விசாரித்தேன்.

"அத இப்பம் சொல்லப்படாது அண்ணாச்சி. ஆளு மேடையில இருக்கணும்" என்றார். அதற்குள் மணி அடித்தது, எழுந்து போனார். நோட்டு ஸ்டூலிலேயே கிடந்தது. படித்த மனிதன் செய்யக்கூடாத காரியம்தான், புரட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஆறு பெயர்கள். ஐந்து பெயர்களுக்கு எதிரில் ஐந்து வார்த்தைகள். ஜெயபாய் என்பதற்கு எதிரில் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய எல்லாப் பக்கங்களிலும் வார்த்தைகள் கோடு போட்டுத் தீர்ந்திருந்தன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வழியில் நின்று ஒரு சர்பத் வாங்கிக் குடித்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. மேடையில் தங்கையன் திணறட்டும், இந்த மயக்கம் அன்றோடு தெளியட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. ஆறு பேரையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஜெயபாய் கடைசி நாற்காலியில். நான் முன்வரிசையில். இப்போதைய சூப்பிரண்டு ஸ்ரீஜித் பேசி முடித்ததும் தங்கையன் மைக் முன்னால் வந்தார். ஒருவருக்கு 'இமென்ஸ்லி கிரேட்ஃபுல்', ஒருவருக்கு 'ஹார்ட்ஃபெல்ட்', இன்னொருவருக்கு 'ஆல்வேஸ் ஆப்ளைஜ்டு'. ஒவ்வொரு வார்த்தைக்கும் கைதட்டல். ஐந்து முடிந்தது. ஜெயபாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. முன்பே சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் நடுவில் அவள் வெறுங்கையோடு இருக்கப் போகிறாளே என்று பதறினேன்.

தங்கையன் நோட்டை மூடினார். "அக்காவுக்கு நோட்டுல ஒண்ணும் எழுதல்ல. இந்த ஆப்பீஸ்ல எல்லாரும் என்னைய மணி அடிச்சுத்தான் கூப்பிடுவாவ. அது அவங்களுக்க குத்தமில்ல, மணி அதுக்குத்தானே இருக்கு. ஜெயபாய் அக்கா இருபத்திரண்டு வருஷமா ஒரு தடவகூட அடிச்சதில்ல. எழுந்து எனக்க ஸ்டூலு வரைக்கும் வந்து, 'தங்கையா, இந்த ஃபைலக் கொண்டு குடுக்க ஒக்குமா'ன்னு கேப்பாவ. கால் முட்டுல நீர் கோத்து நடக்க வய்யாம இருந்தப்பமும் வந்தாவ. சின்ன கிளாஸ்ல படிச்ச ஒரு வார்த்த உண்டு. மேடையில இதுவரைக்கும் ஆருக்கும் குடுக்காம வச்சிருந்தேன்."

அவள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "தேங்க் யூ, அக்கா."

யாரும் கைதட்டவில்லை. ஜெயபாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குப் பதற்றம் போய்ப் பழைய எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அவளுக்கு முட்டில் நீர் கோத்திருந்தது எனக்கு நினைவே இல்லை. தேங்க் யூ என்பதை நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

வழக்கப்படி அலுவலகக்காரர்கள் அவளை ஜீப்பில் ஏற்றிக் கரமனையில் எங்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். அவளே போட்ட டீயும், நேந்திரங்காய் வறுவலும். எல்லோரும் கிளம்பும்போது நான் தங்கையனை வாசலில் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அவகிட்ட சொல்லதுக்கு எனக்கும் ஒரு வார்த்த தாருமே."

"தீந்து போச்சே அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

உள்ளே வந்து என் நாற்காலியில் சாய்ந்தேன். ஜெயபாய் கழுத்தில் மாலையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். மேஜை நிறைய எச்சில் கிளாஸ்கள். "ஜெயா, இதெல்லாம் எடுத்துரு" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. அவளும் முட்டில் கையை ஊன்றி எழுந்தாள்.

வாசலிலிருந்து தங்கையன் திரும்பி வந்தார். அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். அட்டெண்டர் ஆயிற்றே, அடுக்களையில் கொண்டுபோய் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நேரே என்னிடம் வந்தார். நான் எழுந்து வாங்கும்வரை தட்டை நீட்டியபடியே நின்றார்.