உறவினர் அல்லர்

ஜெபசெல்விக்கு வாய் நீளம் என்று நாசரேத்திலும் சொன்னார்கள்; தூத்துக்குடிக்கு வாழ வந்தபின் கடற்கரைத் தெருவிலும் சொன்னார்கள். இருக்கட்டுமே. அந்த வாய் மட்டும் இல்லையென்றால் அந்த வெள்ளிக்கிழமை அவள் விமானம் ஏறியிருக்க முடியாது.

எழுபத்தாறாம் வருஷம் அது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் இனிகோ கப்பல்காரன். பம்பாயில் சரக்கு இறக்கும்போது இரும்புக் கயிறு அறுந்து அவன் இடுப்பிலும் காலிலும் அடித்துவிட்டது. சனிக்கிழமை ஆபரேஷன், பிழைப்பது சந்தேகம், மனைவி உடனே வரவும் என்று புதன்கிழமை சாயங்காலம் தந்தி வந்தது. ரயிலில் போனால் மூன்று நாள் ஆகும். கம்பெனியே மதுரையிலிருந்து விமான டிக்கெட் எடுத்துவிட்டது. ஆனால் அந்த டிக்கெட் கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் குமாஸ்தா வெள்ளத்துரையின் டிராயருக்குள் கிடந்தது.

“நீங்க இனிகோ சம்சாரம்னு எனக்குத் தெரியும்மா. கம்பெனிக்குத் தெரியணும்லா? போன வருஷம் ஒருத்தன் அண்ணன் பேருல இருந்த டிக்கெட்டுல ஏறிப் போயிட்டான். போட்டோ ஒட்டி, கெஜட்டெட் ஆபீசர் கையெழுத்தோட வாங்க. எடுத்துத் தாரேன்” என்றார் அவர்.

அந்தச் சான்றிதழை ஊரில் நூறு பேருக்காவது டைப் அடித்துக் கொடுத்தவள் ஜெபசெல்வி. வியாழக்கிழமை காலையில் தனக்கே அடித்துக்கொண்டாள். ‘படத்தில் உள்ளவரை ஐந்து வருஷத்துக்கு மேலாக நேரில் அறிவேன். இவர் எனக்கு உறவினர் அல்லர்.’ இங்கிலீஷில் இரண்டே வரி. தாசில்தார் ஓட்டப்பிடாரத்தில் கேம்ப் என்றார்கள். சர்க்கார் டாக்டர் தாளைத் தொடக்கூட இல்லை. “ஒன்ன நான் பாத்ததே கிடையாது. தெரியும்னு எப்படி எழுதுவேன்?” என்று கதவைக் காட்டினார். அவளை நன்றாகத் தெரிந்த கெஜட்டெட் ஆபீசர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அரசு உயர்நிலைப் பள்ளி ஹெட்மாஸ்டர் தேவபிரசாதம். அவளைப் பெற்ற அப்பா.

புராட்டஸ்டண்டு வேதக்கோயிலை விட்டுக் கத்தோலிக்க மாதா கோயிலுக்குப் போய்க் கப்பல்காரனுக்குக் கழுத்தை நீட்டினாள் என்று ஏழு வருஷமாக அவளைத் தலைமுழுகியிருந்தார். “எனக்கு மக கிடையாது” என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னார். ரோட்டில் எதிரே வந்தால் குடையைத் தாழ்த்திக்கொண்டு மறுபக்கம் போவார். நியாயஸ்தர் என்ற பெயர் வேறு. சொந்த அண்ணன் மகனுக்கே வயசைக் குறைத்து எழுதித் தரமாட்டேன் என்று விரட்டியவர்.

மத்தியானம் பள்ளிக்கூட ஆபீஸ் ரூமில் இரண்டு கிளார்க்குகள் இருந்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்ன வேணும்?”

“கையெழுத்து வேணும், சார்.”

தந்தியையும் தாளையும் வைத்தாள். தந்தியைப் படித்தார். தாளை எடுத்தார். முதல் வரியைத் தாண்டிய பேனா இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.

“இது பொய். பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டிய நாளெல்லாம் வேண்டாமல், வேண்டாத இன்றைக்கா இவருக்கு மகள் வேண்டும்?

“ஏழு வருஷமா மெய்யா இருந்தது இன்னைக்குப் பொய்யாப் போச்சா, சார்? அம்மா செத்தன்னைக்கு என்னைய வாசல்ல நிறுத்தி, நீ யாரும்மான்னு கேட்டியளே, அது என்ன? சரி, பொய்யின்னே வச்சிக்கிடுவோம். இந்தா ரெண்டு பேரு இருக்காவ. இவ எம் மகதான்னு இவங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. நான் தாளைக் கிழிச்சிட்டுப் போயிருதேன்.”

கிளார்க்குகள் ரிஜிஸ்டருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தேவபிரசாதம் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். போட்டோவின் மேல் பாதி விழுகிற மாதிரி ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினார்.

அவள் ஈரத்தை ஊதிக்கொண்டே எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

“ஏளா” என்று சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரியே பின்னாலிருந்து குரல் வந்தது. “போய்ச் சேந்ததும் ஒரு தந்தி அடி.”

“யாருக்கு, சார்?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஆபரேஷன் முடிந்து இனிகோ கண் விழித்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள். ஒரு கால் போயிற்று, உயிர் தங்கியது. ஏஜெண்டு ஆபீசுக்கு மட்டும் தந்தி கொடுத்தாள்.

இரண்டு மாசம் கழித்து ஊர் திரும்பியபோது வெள்ளத்துரை சொன்னார். “அந்தத் திங்கக்கிழமையே ஹெட்மாஸ்டர் சார் வந்தாரும்மா. பம்பாய்ல ஆபரேஷன் ஆன பையன் பிழைச்சானான்னு கேட்டாரு. சொந்தக்காரங்களுக்குத்தான் சொல்லலாம் சார், நீங்க அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டேன். ஒங்க தாளு மேசைமேலதான் இருந்துச்சி. தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. ஒண்ணும் வேண்டாம்னுட்டு எறங்கிப் போயிட்டாரு.”

“சரியாத்தான் கேட்டிருக்கிய, அண்ணாச்சி” என்றாள் ஜெபசெல்வி. வழக்கமாக இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லுவாள். அன்றைக்கு அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை.