களப்பில் ஒன்றும் படுவதில்லை

எங்கள் ஊரில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான்தான். சண்டை முடிந்து மீளக்குடியேறிய முதல் மாதத்திலேயே அந்தப் பட்டம் எனக்குக் கிடைத்துவிட்டது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைவிட, எந்தக் கேள்விக்கு என்ன எழுதினால் கூரைத்தகரம் வரும், எதை எழுதினால் வராது என்பது இரண்டே வாரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வீடு உண்டா? இல்லை. வள்ளம் உண்டா? இல்லை. வலை? இல்லை. வருமானம்? இல்லை. அப்போது அவ்வளவும் உண்மையாகவே இருந்தது, எழுதுவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பிறகு வீடு வந்தது. வள்ளம் வந்தது. களப்பில் இறாலும் வந்தது. 'இல்லை' மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. படிவத்தோடு யாராவது ஊருக்குள் இறங்கினால், அவர்களுக்கு முன்னால் ஊர்ச்சனம் என் வீட்டு வாசல் படலையில் வந்து நிற்கும். நான் ஒரு வசனம் அமைத்துக் கொடுப்பேன், எல்லா வீட்டிலும் அதையே சொல்வார்கள். ஒருவர் கூட்டி ஒருவர் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது என் ஏற்பாடு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லையென்று சொன்னால் அதுவும் இன்னொரு பொய்யாகிவிடும்.

எங்கள் களப்பு கடலோரத்து உப்பேரி. அதன் வடகரையில் ஒரு மின் நிலையம் இருக்கிறது. எண்ணெயில் ஓடுவது. அதன் இயந்திரங்கள் சூடேறாமல் இருக்க, பெரிய பம்பு ஒன்று களப்புத் தண்ணீரை உறிஞ்சி, சூடாக்கித் திருப்பி விடும். நிலையத்தோடு எங்களுக்குப் பகை கிடையாது. சண்டைக்குப் பிறகு ஊருக்கு வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பகை அந்தப் பம்போடு மட்டும்தான். மாரி மழையில் களப்பு நிரம்பியதும், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டை ஊரே சேர்ந்து வெட்டிவிடும். முகத்துவாரம் வெட்டுவது என்போம். அந்த வாய் வழியாகக் கடல் தண்ணீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். தலைமயிர்த் துண்டு போல இருக்கும் அந்தக் குஞ்சுதான் மாசி, பங்குனி தொடங்கி விரல் தடிப்பு இறாலாகி என் கணவரின் வலையில் படும். பம்பு அந்தக் குஞ்சையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. வருடா வருடம் இறால் குறைந்துகொண்டு வந்தது. கரையில் மீன்வாடிக்குள் குந்தியிருந்து இதை ஆளுக்காள் புறுபுறுத்தோமே தவிர, எவரும் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத்தில்தான் நாங்கள் இறாலே பிடிப்பதில்லையே.

ஒரு வைகாசி வெயிலில் இரண்டு இளம் பெண்கள் வந்தார்கள். வவுனியாவில் ஏறி, புளியங்குளத்தில் பஸ் மாறி, தலையெல்லாம் புழுதியாக வந்து சேர்ந்திருந்தார்கள். மின் நிலையக் கம்பனியின் அனுமதிக் காலம் முடியப் போகிறது, அதை இன்னும் பல வருடங்களுக்கு நீட்டலாமா என்று முடிவெடுக்க முன் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு என்று ஆராய்கிறோம், அதற்குத்தான் வீடு வீடாகக் கேட்கிறோம் என்று ஆறுதலாக விளக்கினார்கள். எனக்கு அதில் இரண்டு சொற்கள்தான் காதில் விழுந்தன. கம்பனி. பாதிப்பு. அப்படியென்றால் நட்டஈடு என்று என் மூளை கணக்குப் போட்டது. தேத்தண்ணீர் ஆற முன்னரே ஊருக்குள் வசனம் போய்விட்டது. "களப்பில இப்ப ஒண்டும் படுறேல்ல. இறால் தொழில் எண்டு ஒருத்தரும் செய்யிறேல்ல."

அந்த நேரம் பார்த்து என் கணவர் பின்வழியால் ஒரு கூடை இறாலோடு வந்து நின்றார். நான் கண்ணைக் காட்டினேன். அவர் கூடையைக் குசினிக்குள் வைத்துச் சாக்கால் மூடிவிட்டு, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கதிரையில் வந்து அமர்ந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், பூசணிக்காயாவது துள்ளாது. குசினிக்குள் சாக்கு சடசடத்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நான் சொன்னதையே எழுதிக்கொண்டாள். அவள் ஏதாவது கேட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்து அவள்மேல் கோபப்பட்டிருக்கிறேன். நியாயமில்லாத கோபம்தான்.

கார்த்திகையில் அறிக்கை வந்தது. பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்லலாம் என்று பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். தலையணைத் தடிப்பு. வேறு வேலையாகப் போன நான், நட்டஈட்டுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் பார்ப்போம் என்று விரித்தேன். தமிழென்று பேர், தமிழை வெந்நீரில் போட்டு அவித்து எடுத்தது போன்ற எழுத்து. நட்டஈடு என்ற பேச்சே இல்லை. மீன்பிடி என்ற தலைப்பில் வந்து நின்றேன். 'நேர்காணப்பட்ட குடும்பங்களின் கூற்றுப்படி களப்பில் தற்போது ஒன்றும் படுவதில்லை. இறால் தொழில் எவராலும் செய்யப்படுவதில்லை.' அதன் கீழே, ஆகவே ஆண்டு முழுவதும் எக்கட்டுப்பாடும் இன்றிக் களப்பு நீரைப் பெறுவதற்கு அனுமதிக்கலாம் என்று இருந்தது.

அது என் வசனம். சொல்லுக்குச் சொல் நான் கட்டிக் கொடுத்தது. அந்தக் கந்தோர்க் கதிரையில் இருந்தபடியே அதை இன்னொரு தடவை வாசித்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளுமாம். நான் என் தலையில் மட்டுமா போட்டேன், ஊரின் தலை முழுவதிலும் போட்டிருக்கிறேன். இப்படியே அனுமதி நீண்டால் இன்னும் இரண்டு, மூன்று மாரியில் களப்பில் பிடிக்க இறாலே இராது. அப்போது நாங்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"இனி என்ன செய்யப் போறாய்?"

"அறிக்கையைப் பற்றிக் கூட்டம் வைக்கினமாம். அதில எழும்பி, நாங்கள் சொன்னது பொய் எண்டு சொல்லப் போறன்."

"எல்லாருக்கும் முன்னாலயோ?"

"ஓம். எல்லாருக்கும் முன்னாலதான்."

"அப்ப நானும் வாறன்," என்றார். "கூடையை மூடினது நான்தானே."

இருபது வருடத்தில் அந்த மனிதர் எனக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அது. அவருக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்.

அதற்கு முதல், மாதா கோயில் வளவில் மீனவர் சங்கம் கூடியது. ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வெள்ளை உடுப்போடு நின்றார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். சங்கத் தலைவர் முன்னுக்கு வந்தார். வயதானவர், எனக்குத் தூரத்து முறையில் பெரியப்பா.

"பிள்ளை, இப்ப போய் இறால் படுது எண்டு சொன்னால், நிவாரணப் பட்டியலில இருக்கிற எங்கட பேரெல்லாம் வெட்டுப்படும். அதை யோசிச்சனியோ?"

"யோசிச்சனான் பெரியப்பா. வெட்டினால் வெட்டட்டும். இறால் போனால் ஆர் எங்களுக்குத் திருப்பித் தரப் போகினம்?"

"உந்த வசனத்தைச் சொல்லித் தந்ததே நீதானே," என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஓம், நான்தான்," என்றேன். "அதுக்குத்தான் நானே போய்ச் சொல்லுறன் எண்டுறன். உங்கள் ஒருத்தரின்ர பேரும் என்ர வாயில வராது."

கடைசியில் பெரியப்பா, சங்கத்தின் பேரில் சொல், தனியாகச் சொல்லாதே என்றார். சனம் திட்டும் என்றுதான் ஆயத்தமாகப் போயிருந்தேன், திட்டாமல் விட்டால் என்ன செய்வது என்று யோசித்திருக்கவில்லை.

அறிக்கைக் கூட்டம் மார்கழி முதல் கிழமையில், பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. முகத்துவாரம் வெட்டி அப்போது நான்கு நாள்தான். ஆய்வுக் குழுவின் தலைவியாக ஒரு அம்மா கொழும்பிலிருந்து வந்திருந்தா. நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தா. சிங்களத்தில் கேட்பா, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார். மின் நிலையத்திலிருந்து பொறியியலாளர் ஒருவரும் வந்திருந்தார். அவர் திருகோணமலைத் தமிழர். நான் எழும்பினேன். நட்டஈடு வரும் என்று நினைத்து நாங்கள் பொய் சொன்னோம், பொய்யை அமைத்துக் கொடுத்தது நான், களப்பில் இறால் இருக்கிறது, ஊரில் அரைவாசிப்பேர் அதில்தான் சீவிக்கிறோம், பம்பு குஞ்சை உறிஞ்சுகிறது என்று சொல்லி முடித்தேன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினா. மொழிபெயர்ப்பாளர் அவாவின் கேள்வியைச் சொல்லக் கூச்சப்பட்டது முகத்திலேயே தெரிந்தது.

"அண்டைக்குச் சொன்னது பொய் எண்டால், இண்டைக்குச் சொல்லுறது உண்மை எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது எண்டு கேக்கிறா."

நல்ல கேள்வி. அவாவின் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். எத்தனையோ வருடம் எழுதிய எழுத்தில் ஒரு துண்டுகூட எனக்காகச் சாட்சி சொல்ல வராது என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. என் கணவர்தான் எழும்பினார். கூட்டத்தில் வாய் திறந்து எவரும் கண்டிராத மனிதர்.

"நம்ப வேண்டாம், அம்மா. நாளைக்கு விடிய பம்படிக்கு வாங்கோ. வந்து பாருங்கோ."

வந்தா. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினா. நான் வீட்டிலிருந்து, கட்டிலுக்குக் கட்டும் நுளம்புவலை ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். ஒரு தலைப்பை என் கணவரும் மறு தலைப்பை நானும் பிடித்து, பம்பு தண்ணீரை உறிஞ்சும் வாயடியில் பத்தடி தூரம் இழுத்து, வெள்ளை வாளி ஒன்றில் உதறினோம். முதலில் வெறும் தண்ணீர் போலத்தான் தெரிந்தது. பிறகு அந்தத் தண்ணீர் துடித்தது. அந்த அம்மா வாளிக்கு மேல் குனிந்து விரலால் எண்ணத் தொடங்கினா. ஐம்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நின்றா. எங்கள் பக்கம் திரும்பாமலே சிங்களத்தில் ஏதோ சொன்னா.

"எங்களுக்கு இது முதலே தெரிஞ்சிருக்க வேணும் எண்டுறா," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. வாளியைத் திரும்பக் களப்பில் ஊற்றினோம், பம்புக்குக் கனதூரம் தள்ளி.

பொறியியலாளர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார். இவர்தான் இனிக் கத்தப் போகிறார் என்று நான் பதிலுக்குக் கத்த ஆயத்தமாக இருந்தேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "எத்தினை நாளைக்கு அக்கா?" என்று கேட்டார்.

"என்ன எத்தினை நாள்?"

"பம்பை நிப்பாட்டினால். குஞ்சு வந்து பரவ எத்தினை நாள் வேணும்?"

"முகத்துவாரம் வெட்டி நாலு கிழமை," என்றார் என் கணவர்.

"மாரியில மலைநாட்டு நீர்த்தேக்கமெல்லாம் நிறைஞ்சு, அங்க தண்ணியிலயே கரண்ட் வந்திடும். அந்த நேரம் எங்களிட்ட கரண்ட் கேக்கிறது குறைவு. மெசினைப் பாதிநாள் சும்மாதான் சுத்த விடுறம்," என்றார். "ஒருத்தரும் கேக்கேல்ல, அதால நாங்களும் நிப்பாட்டேல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம், இவ்வளவு குஞ்சு, கேட்காததால். பிறகு, கேட்காமல் விட்டது யார் என்று யோசித்தேன், கோபம் இறங்கிவிட்டது.

திருத்திய அறிக்கையும் அதன் பின்னால் அனுமதியும் வர ஆவணி ஆகிவிட்டது. அனுமதியை நீட்டித்தார்கள். சூடான தண்ணீர் பற்றியும் எண்ணெய் பற்றியும் பல நிபந்தனைகள் போட்டிருந்தார்கள். அவற்றோடு முகத்துவாரம் வெட்டிய நாளிலிருந்து நான்கு கிழமைக்குக் களப்பு நீரை எடுக்கக் கூடாது என்றும் இருந்தது. வெட்டியாயிற்று என்பதை மீனவர் சங்கத்தின் செயலாளர் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்தச் செயலாளர் பதவிக்கு ஆளில்லாமல் இருந்தது. சங்கம் கூடி என்னைப் போட்டது. நான் வேண்டாம் என்றேன். பெரியப்பா, "நீ இல்லாட்டி வேற ஆர்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நிவாரணப் பட்டியலில் எங்கள் வீட்டுப் பேரோடு சில பேர்கள் வெட்டுப்பட்டதும் உண்மைதான். அதற்காக என்னோடு கதைக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டது நியாயம், நான் கதைப்பதை விடவில்லை.

அந்த வருடம் மழை பிந்தியது. மார்கழி நடுவில்தான் களப்பு விளிம்புவரை வந்து நின்றது, மேடு இன்னும் வெட்டவில்லை. இரண்டு நாள் முந்தியே வெட்டியாயிற்று என்று சொல்லிவிடு, பம்பு நின்றால் எங்களுக்கு நல்லதுதானே, அவர்கள் வந்தா பார்க்கப் போகிறார்கள் என்று ஊரில் இரண்டு பேர் சொன்னார்கள். கெட்ட மனிதர்கள் அல்ல. அந்தப் பழக்கத்தைப் பழக்கிவிட்டவளே நான்தான். வெட்டின பிறகு சொல்கிறேன் என்றேன்.

மூன்றாம் நாள் காலை பொறியியலாளர் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, மழை கடுமையாக் கிடக்கு. முகத்துவாரம் வெட்டியாச்சோ?"

"வெட்டிக்கொண்டு நிக்கினம் எண்டு சொல்லிச்சினம், தம்பி. நான் இன்னும் பார்க்கேல்ல. அரை மணித்தியாலம் பொறுங்கோ."

"உங்கட சொல் காணும் அக்கா, வேற சாட்சி வேண்டாம். சொல்லுங்கோ, இப்பவே நிப்பாட்டுறன்."

"பொறுங்கோ," என்றேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினேன். முகத்துவாரத்தடியில் ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். வாய் திறந்து, களப்புத் தண்ணீர் மண்ணிறமாகக் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளை மணலில் சரித்துவிட்டுப் போய், அந்த ஓட்டத்துக்குள் காலை வைத்தேன். இழுவை ஆளையே சரிக்கப் பார்த்தது. என் கணவர் எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கையால் தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

"வெட்டியாச்சு, தம்பி," என்றேன். "நான் அதுக்குள்ளதான் நிக்கிறன். நிப்பாட்டுங்கோ."