ஆழ்குழாயில் ஊற்றிய பால்

கலும்பாங் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய லயத்து வரிசை வீடுகளில்தான் இன்னும் இருக்கிறோம். அரசாங்கக் குழாயில் தண்ணீர் வராத நாள்தான் அதிகம். பள்ளத்துக் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். கொதிக்க வைத்தாலும் வாடை போகாது. கோயிலுக்குப் பின்னால் பாறையைத் துளைத்து ஆழ்குழாய் இறக்கிய பிறகுதான் லயம் நல்ல தண்ணீர் குடித்தது. மோட்டார் போடுவது என் வேலை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து இரண்டு தண்ணீரையும் போத்தலில் பிடித்துப் போனாள். அடுத்த முறை வந்தபோது விளக்கினாள். கிணற்றில் இருப்பது நேற்றைய மழை, கிருமிகள் ஏராளம். பாறைக்குள் இருப்பது எத்தனையோ தலைமுறைக்கு முன் பெய்தது. அங்கேயும் உயிர்கள் உண்டாம், கண்ணுக்குத் தெரியாதவை. பாறையிலிருந்து கரைவதை உண்டு, அரைப்பட்டினியாகக் கிடக்கின்றனவாம்.

“மேல இருந்து எதுவும் உள்ள போகக் கூடாது அங்கிள். சாப்பாடு கெடச்சா பெருகிடும்.”

அங்கிள் என்றது எங்கள் கோயில் தலைவரை. டவுனில் வீடு, விரலெல்லாம் மோதிரம். காதில் விழுவதில் தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ளும் ஆள். அன்று பொறுக்கியது ‘உயிர்’ என்ற ஒரு சொல்லை.

“பாறைக்குள்ள உயிரு இருக்காம் லா. அம்மாதான் வந்து உக்காந்திருக்கா.”

வெள்ளிக்கிழமையே குழாய்க்கு அபிஷேகம். மைக், மாலை, வாளி நிறையப் பால், தேன், பஞ்சாமிர்தம். மூடியைக் கழற்றச் சொன்னார். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழும்பாது.

“அண்ணே, அந்தப் பொண்ணு சொன்னுச்சே…” என்று இழுத்தேன்.

“ஸ்டாண்டர்ட் சிக்ஸ் படிச்சவரு அம்மாவுக்கே பாடம் எடுக்குறாரு பாருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். மூடியைக் கழற்றினேன். எல்லாவற்றையும் குழாய்க்குள் ஊற்றிவிட்டு வாளியோடு நின்ற அந்தப் பெரிய மனிதரின் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்தால் பாறைக்கே குமட்டியிருக்கும்.

சில நாளில் குழாயில் கறுப்பாக வந்தது. அழுகின முட்டை நாற்றம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம். லயம் மறுபடி பள்ளத்துக் கிணற்றுக்கு வாளி தூக்கியது.

“செத்தவங்களுக்குத்தானே பால் ஊத்துவாங்க. உங்க தலைவரு எதுக்குங்க குழாய்க்கு ஊத்துனாரு?” என்றாள் என் மனைவி.

தலைவர் வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலேயே நின்றார்.

“பெட்டிப் பால் லா, அதான். அடுத்த தடவ சுத்தமான பசும்பால் ஊத்துவோம்.”

அந்தப் பெண் ஆள் கூட்டி வந்து, நாள்கணக்கில் தண்ணீரை இறைத்துக் கொட்டி மருந்து போட்டாள். தண்ணீர் தெளிந்தது, நாற்றமும் போனது. அன்று சாயங்காலமே மூடியைச் சுற்றி வெல்டிங் அடித்துவிட்டேன்.

பால்வாளியோடு வந்த தலைவர் குனிந்து பார்த்தார்.

“யாரு வேல இது?”

பக்கத்து வீட்டுக்காரி அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகிக் குடத்தை வைத்தாள்.