மூன்று கோலும் ஒரு பெட்டி ரோல்ஸும்

போன வருடம் இலையுதிர் காலத்தில், டென்மார்க்கில் நாங்கள் வசிக்கும் இக்காஸ்ட் நகரில் நடந்தது இது. என் மகள் கல்லூரிப் பெண்கள் அணியில் உதைபந்தாட்டம் விளையாடுகிறாள். முன்வரிசை ஆட்டக்காரி. தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடிந்ததும் வேலை உடுப்போடேயே மைதானத்துக்கு ஓடிவிடுவேன். அவள் அடிக்கும் கோல்களைக் கைபேசியில் பிடித்து, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் மூன்று கோல் அடித்தாள். மூன்றையும் அனுப்பிவிட்டு, வரும் வழியில் கேக்கும் வாங்கினேன். அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. களைப்பாயிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஆட்டத்துக்குப் போனால், மகள் எங்கள் கோலுக்குப் பக்கத்தில், பின்வரிசையில் நிற்கிறாள்! எனக்குப் பொறுக்கவில்லை. மூன்று கோல் அடித்த பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்களே, நாங்கள் கறுப்பு என்பதாலோ என்றுகூட மனம் போனது. போதாக்குறைக்குக் கனடாவில் இருக்கும் மச்சாள், "இண்டைக்கு எத்தினை கோல்?" என்று குழுவில் கேட்டிருந்தார்.

பிள்ளைக்கு ஒன்றென்றால் சும்மா இருப்பேனா? மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மனைவியைக் கொண்டு முப்பது இறைச்சி ரோல்ஸ் செய்வித்து, பெட்டியோடு பயிற்சிக்குப் போனேன். பயிற்சியாளர் முப்பது வயதுகூட இராத டேனிஷ் பெண். பெட்டியை நீட்டி, எனக்குத் தெரிந்த டேனிஷில் மகளை மறுபடி முன்னுக்கு விடச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்பதே உண்மை. அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பின்வரிசைக்குப் போகிறேன் என்று கேட்டதே உங்கள் மகள்தான், உங்களுக்குச் சொல்லவில்லையா என்றார். முழு அணியும் பார்த்துக்கொண்டு நின்றது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

காரில் ஏறியதும் டேனிஷில் பொரிந்து தள்ளினாள். கடைசியில் மட்டும் தமிழில் சொன்னாள்: "இனி மேட்ச்சுக்கு வராதேங்கோ அப்பா."

"ஏன் பிள்ளை பின்னுக்குப் போனனி?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் மூண்டு அடிச்ச அண்டைக்கு நாங்கள் அஞ்சு வாங்கித் தோத்தனாங்கள். கோல் காக்கிற எங்கடை கோலி உடுப்பு மாத்திற அறையிலை இருந்து அழுதவள். அது உங்களுக்குத் தெரியுமே?"

தெரியாது. அன்று தோற்றதே எனக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து என் காணொளிகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே பக்கம்தான். மூன்றாவது கோல் முடிந்து நான் துள்ளியபோது மட்டும் கைபேசி திரும்பியிருக்கிறது. தூரத்தில் கோல் காக்கும் அந்தப் பிள்ளை தன்னந்தனியாக நிற்கிறாள். அவளுக்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஒருவருமில்லை.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ம்" என்றாள், அவ்வளவுதான். இரண்டு ஆட்டங்கள் வீட்டிலிருந்து நகம் கடித்தேன். மூன்றாவது ஆட்டத்தன்று, சப்பாத்தைக் கட்டிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "வாறதெண்டா வாங்கோ. ட்ரெய்னரோடை மட்டும் கதைக்கப்படாது. ரோல்ஸ் கொண்டு வாங்கோ, எல்லாரும் கேக்கினம்."

அன்று எங்கள் கோலுக்குப் பின்னால் போய் நின்றேன். முடியச் சில நிமிடங்கள் இருந்தபோது கோலி பாய்ந்து விழுந்துவிட்டாள். பந்து அவளைத் தாண்டி உருண்டு வந்தது. என் மகள் எங்கிருந்தோ ஓடிவந்து, சறுக்கி விழுந்து, கோட்டிலிருந்து அதை உதைத்து வெளியே தள்ளினாள். விழுந்து கிடந்த இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கத்திய கத்தலில் மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றும் மச்சாள் விடவில்லை. "எத்தினை கோல்?"

"ஒண்டும் இல்லை மச்சாள். பிள்ளை உள்ளுக்கை விடேல்லை" என்று எழுதினேன்.

அந்த உதையைப் படம் பிடிக்க மறந்துவிட்டேன். ஆனாலும், தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நிற்கும்போது இன்றும் என் கண்ணுக்குள் ஓடுவது அது ஒன்றுதான். எவ்வளவு நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று அந்த மூன்று கோலில் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.