சாத்த மறுத்த கதவுகள்

ஈஜிபுராவில் மௌரீன் மிஸ் வீடு எது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கூட வழி சொல்வார். சின்னதொரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் யு.கே.ஜி. பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் வேலை அவளுக்கு. அவளிடம் மூக்கைச் சிந்தியபடி ஏபிசிடி படித்தவர்கள் இன்று மீசை வைத்துக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். தெருமுனையில் அவளைக் கண்டால் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

கணவர் டிரேவர் மாரடைப்பில் போனதற்கு மறுவருஷம் கொரோனா வந்தது. எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த ஒருவர் செத்துப்போனது, ஆம்புலன்ஸ் வந்து நின்றபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கவச உடை போட்டிருந்த பையன்கள் அந்த ஆளின் பெயரைக் கேட்டார்கள். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கிறோம், ஒருவர் வீட்டுக் குக்கர் விசில் இன்னொருவர் காதில் விழுகிறது, பெயர் மட்டும் தெரியாது! அன்றைக்கு அவளுக்கு வந்தது துக்கம்கூட இல்லை, வெட்கம்.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் ஞாயிற்றுக்கிழமைக் கதை வட்டம். டென்சில் என்பவர் தன் நாலு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை இலவசமாகக் கொடுத்தார். கார் நிறுத்தக் கட்டிய இடம், பிறகு சுவர் எழுப்பிக் கதவு வைத்து ஹாலாக்கியது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜனங்கள் வருவார்கள். தமிழ், கன்னடம், தக்கணி உருது, எந்த மொழியில் சொன்னாலும் சரி. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்ல, கேட்டவர்களில் நாலுபேர் எழுந்து உடனே அதை நடித்துக் காட்டுவார்கள். துப்பட்டா தலைப்பாகையாகும், பிளாஸ்டிக் நாற்காலி பஸ்ஸாகும். கடைசியில் கைதட்டல், டீ, பன்.

ஆரம்பத்திலேயே ஒரு கூத்து நடந்தது. ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிப் பேர் சொல்லியே கதை சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் அது மாமியார் காதுக்குப் போய், தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் குடங்கள் பறந்தன. அதன்பிறகு மௌரீன் ஒரு விதி போட்டாள். ஊரை மாற்று, ஆளை மாற்று, 'ஒரு ஊர்ல' என்றுதான் தொடங்க வேண்டும். ஹாலை விட்டு வெளியே போனால் அது யார் கதை என்று யாரும், எக்காரணம் கொண்டும், கேட்கக் கூடாது. இந்த விதியால் ஊமை மாதிரி இருந்தவர்களெல்லாம் வாயைத் திறந்தார்கள். மௌரீனுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சௌம்யா என்று புதிதாய்க் கல்யாணமான பெண் ஒருமுறை சொன்ன கதை வட்டத்தில் ரொம்பப் பிரபலம். ஒரு ஊர்ல ஒரு மீன் தொட்டி. வீட்டுக்காரன் தினமும் அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து வெளியே ஊற்றுவான். மீன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக மூச்சு விடப் பழகிக்கொண்டது. பக்கத்து ஏரியாவான அடுகோடியில் மரப்பட்டறை வைத்திருக்கும் சுதீர்தான் மீனாக நடித்தான். அத்தனை பெரிய தொந்தியோடு அவன் தரையில் வாயைப் பிளந்து பிளந்து துடித்ததைப் பார்த்து ஜனங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சௌம்யாவைப் பிறகு புருஷன் பொம்மனஹள்ளிப் பக்கம் குடிமாற்றிக் கூட்டிப் போய்விட்டான். கதை மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

இந்த வருஷம் மே மாதம் டென்சிலின் மனைவி பெட்டி முதன்முறையாகக் கதை சொல்ல எழுந்தாள். எப்போதும் பின்வரிசையில் உட்கார்ந்து, டீ டம்ளர்களை அடுக்கிவிட்டுப் போகிறவள் அவள்.

"ஒரு ஊர்ல ஒரு வீடு. அந்த வீட்ல ஒரு நாள் பெட்ரூம் கதவு சாத்தலை. தள்ளினா நிக்குது, இழுத்தா நிக்குது. வீட்டுக்காரர் மேல கொஞ்சம் சீவி சரி பண்ணாரு. அடுத்த வாரம் கிச்சன் கதவு." அவ்வளவுதான் சொன்னாள். உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, பேய்க் கதை!" என்று பிள்ளைகள் குதித்தன. மிச்சத்தை அடுத்த வாரம் சொல்லச் சொல்லி எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கதை வீட்டில் இன்னொரு கதவு நின்றுபோனது. ஒரு வாரம் ஜன்னல். ஒரு வாரம் விடியற்காலையில் அடுப்புமேடையில் யாரோ தூவிய மாதிரி மணல். பெட்டி சிரிக்காமல், கையைப் பிசைந்தபடி சொல்வாள். மௌரீனுக்கு அது பெரிய நடிப்பாகப் பட்டது. "பெட்டி, நீ இத்தனை வருஷம் எங்கம்மா ஒளிஞ்சிருந்தே?" என்று தோளைத் தட்டினாள். பெட்டி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு டம்ளர்களைப் பொறுக்கப் போய்விட்டாள்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து மனையில் யாரோ அடித்தளம் போடத் தோண்டிவிட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பள்ளம் முழுக்கத் தண்ணீர், தவளைச் சத்தம். ஹாலின் மரக்கதவு உராய ஆரம்பித்தது. மழைக்கு மரம் ஊதும் என்று சுதீர் இழைப்புளியைக் கொண்டுவந்து சீவிவிட்டான். இரண்டு வாரத்தில் திரும்பவும் உராய்ந்தது, திரும்பவும் சீவினான். உள்ளே பெட்டியின் கதையில் ஒருவன் கதவைச் சீவுகிறான், வாசலில் சுதீர் கதவைச் சீவுகிறான், இரண்டையும் பார்த்துக்கொண்டே இத்தனை பேர் பன் தின்றார்கள். கண் இருந்து என்ன பிரயோசனம்?

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. தூறல். பெட்டி அன்று சொன்னது ரொம்பச் சின்னது. "அந்த வீட்ல ராத்திரி சுவருக்குள்ள யாரோ விரல் சொடக்கற மாதிரி கேக்குது. அந்தப் பொம்பளை புருஷன்கிட்ட சொன்னா. அவரு ஏனூ ஆகல்லன்னாரு. ஒண்ணும் ஆகாது, தூங்குன்னாரு."

ஆட்கள் எழுந்து இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக் கதவுகளாக நின்றார்கள். சாரல் உள்ளே அடிக்கிறதே என்று மௌரீன் மரக்கதவுக்கு வெளியே அதே வாசலில் பொருத்தியிருந்த இரும்பு கேட்டை இழுத்துச் சாத்தப் போனாள். பாதியில் நின்றுவிட்டது. அதன் மேல் மூலை வாசலின் மேல்கல்லில் கடித்துக்கொண்டிருந்தது.

"சுதீர் அண்ணா, இதையும் சீவி விடுங்க!" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

சுதீரும் சிரித்துக்கொண்டேதான் வந்தான். கேட்டின் மூலையை அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு நின்றுபோனது. "இரும்பை எங்க மிஸ் சீவறது? இது மழைக்கு ஊதாதே," என்றான் மெதுவாக.

மௌரீன் ஹாலுக்குள் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பின்வரிசையிலிருந்து ஒருத்தி பார்க்கிற பார்வை இல்லை அது. தண்ணீரில் முழுகுகிறவள் கரையில் நிற்பவளைப் பார்க்கிற பார்வை.

கேட்டுவிடலாமா? கேட்டால் விதி போயிற்று. விதி போனால் யார் இனி வாயைத் திறப்பார்கள்? ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தால் டென்சில் ஹாலைப் பிடுங்கிக்கொள்வார், வட்டம் அதோடு சரி. கேட்காமல் விட்டால், தலைக்கு மேல் நாலு மாடி. சுதீர் கேட்டை விட்டுக் கையை எடுத்ததும் மேலிருந்து ஒரு பிடி மணல் அவன் தோளில் கொட்டியது. மௌரீன் அதற்குமேல் யோசிக்கவில்லை.

கதறினால் வாசலில் மிதிபட்டுச் சாவார்கள் என்று யு.கே.ஜி. டீச்சருக்குத் தெரியாதா? பள்ளிக்கூடக் குரலை எடுத்தாள். "அந்த வீட்ல இருந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? எல்லாரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே ரோட்டுக்கு வந்துட்டாங்க! வாங்க வாங்க, கதவெல்லாம் வெளியே வா!" தாளம் தட்டியபடி முன்னால் போனாள். கதை அப்படிப் போகிறது என்று நினைத்து அவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். மாடிக் குடித்தனக்காரர்கள் பால்கனியில் வேடிக்கை பார்த்தார்கள். "மேல இருக்கறவங்களும் வரணும், கதவுக்கு ஆள் பத்தலை! பாட்டி தாத்தா, கைக்குழந்தை எல்லாம்!" என்று கத்தினாள். பாவம், அவர்களும் இறங்கி வந்தார்கள்.

கடைசியாக டென்சில் பனியனோடு வந்தார். "என்ன மிஸ் இது, சண்டே தூங்க விட மாட்டீங்களா?"

மௌரீன் அவரைப் பார்க்கவில்லை. தெரு முழுக்கக் கேட்க, தான் போட்ட விதியைத் தானே உடைத்தாள். "பெட்டி, அந்த வீடு யார் வீடு?"

பெட்டி முன்னால் வந்தாள். "எங்க வீடு மிஸ். இதான். ஈஸ்டர் கழிச்சு பெட்ரூம் கதவு நின்னுச்சு. வெளிய சொன்னா குடித்தனம் எல்லாம் காலி பண்ணிடுவாங்க, வாயைத் திறக்காதன்னாரு. நேரா சொல்ல எனக்கு தைரியம் இல்ல. கதையா சொன்னா யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன். வாராவாரம் பாத்தேன்."

"சும்மா எதையாவது உளறாத! ஏனூ ஆகல்ல!" என்று டென்சில் உறுமினார். மானம் போகிற ஆத்திரம். உள்ளே போய், கேட்டைத் தோளால் முட்டி ஒரே தள்ளு. கேட் சாத்திக்கொண்டது. "பாத்தீங்களா? சாத்துதா இல்லையா?" என்று கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டார்.

பிறகு அதைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. சிரித்தபடி இழுத்தார், பிறகு சிரிக்காமல் இழுத்தார். அவருக்குப் பின்னால் சுவருக்குள் விரல் சொடக்குகிற சத்தம் கேட்டது. தெருவிலிருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். பெட்டி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். சுதீர் பள்ளத்து ஓரம் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்து கேட்டை நெம்பினான். நாலுபேர் சேர்ந்து டென்சிலைச் சட்டகத்தின் இடுக்கு வழியே உருவி எடுத்தார்கள். பனியன் கிழிந்து, முதுகெல்லாம் ரத்தம்.

அன்றே அதிகாரிகள் வந்து கயிறு கட்டினார்கள். புதன்கிழமை, பள்ளி விடுகிற நேரம், கட்டடம் பக்கத்துப் பள்ளத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்தது. தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு உயிர்கூடப் போகவில்லை.

மௌரீனுக்குச் சால்வை போட்டார்கள், டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். வட்டம் சர்ச் பக்கத்து ஷெட்டுக்கு மாறியது, கூட்டம் இரண்டு மடங்காயிற்று. அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. பெயர் தெரியாமல் ஒருவர் செத்தாரே என்றுதானே இதைத் தொடங்கினாள்? இப்போது எல்லாருடைய கதையும் தெரியும், யாருடையது என்று மட்டும் கேட்டதில்லை. இத்தனை வருஷத்தில் கைதட்டி அனுப்பிய கதைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரில் நின்றன. ஏரிக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்தவன் கதை. சாவியை முழுங்கிய கிழவன் கதை. அப்புறம், மீன்.

அடுத்த சனிக்கிழமை பொம்மனஹள்ளிக்குப் பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து, தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய ஒரு சந்தில் மூன்றாம் மாடி வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவு சங்கிலி போட்டபடி ஒரு கையகலம் திறந்தது. உள்ளே தெரிந்த முகத்தைச் சௌம்யா என்று அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கழுத்து எலும்பு தூக்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு, நான் மௌரீன் மிஸ். அந்த மீன் கதை..."

சௌம்யா அவளை வெறித்துப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அன்னிக்கு எல்லாரும் போனப்புறமும் வாசல்ல நின்னேன் மிஸ். நீங்க கேப்பீங்கன்னு. நீங்க சூப்பர் ஸ்டோரின்னு கை தட்டிட்டு டீ ஊத்தப் போயிட்டீங்க."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "யாருடி அது?"

"யாரும் இல்ல, அட்ரஸ் கேக்கறாங்க," என்று சௌம்யா உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினாள்.

கதவு சாத்தவில்லை. மௌரீன் தன் குடையை இடுக்கில் வைத்திருந்தாள். காலடிச் சத்தம் உள்ளேயிருந்து நெருங்கி வந்தது. அவள் குடையை எடுக்கவில்லை.

"இப்ப கேக்கறேன்," என்றாள். "சொல்லு."