பெரிய பெட்ரோல்

பெட்ரோல் பங்கில் நிற்பவனிடம் வண்டிக்காரர்கள் கேட்பது இரண்டே விஷயம்தான்: பெட்ரோல் இருக்கா, குடிக்கத் தண்ணி இருக்கா. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டுவிட்டால் நம் பாடு திண்டாட்டம். தனக்கே புரியாத சரக்கை அடுத்தவர் தலையில் கட்டிப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நானும் உங்கள் ஜாதிதான்.

புது பம்ப்

அறுபதுகளின் கடைசியில் ஓசூர் நெடுஞ்சாலையில் ஒரு பங்கில் வேலை பார்த்தேன். பெங்களூரிலிருந்து மெட்ராஸ் போகும் வெளிநாட்டுக் கார்களை நம்பி முதலாளி இரண்டாவதாக ஒரு பம்ப் வைத்தார். அதில் வருவது ஆக்டேன் எண் அதிகமான பெட்ரோல். விலையும் அதிகம். எண் பெரிசு என்பதால் நாங்கள் அதைப் பெரிய பெட்ரோல் என்றோம். ஆக்டேன் என்றால் என்ன என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. வெளிநாட்டுக் கார்களோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தன.

முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு; திட்டுவதற்கு மட்டும் தமிழ். கடைசியாக வேலையில் சேர்ந்தவன் நான், கல்யாணமான புதுசு வேறு. ஒருநாள் என்னைப் புது பம்ப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார்: "சாமுவேலு, மாங்கா சீசன் முடியறதுக்குள்ள இது ஓடணும். ஓடலைன்னா பம்பைத் திருப்பி அனுப்பிருவேன், கூடவே உன்னையும்."

டானிக்

அன்றிலிருந்து வருகிற வண்டிக்கெல்லாம் நான் வைத்தியனானேன். எங்கள் சபைப் போதகரிடம் ஒரு பழைய கார் இருந்தது. மேடு ஏறினால் இருமும். "பெரிய பெட்ரோல் போடுங்கய்யா, டானிக் மாதிரி. என்ஜினுக்குத் தெம்பு வந்துரும்" என்றேன். நல்ல மனுஷர், நம்பி நிரப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் கார் அதே இருமலோடு வந்து நின்றது. சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். வரவில்லை. இறங்கி என் தோளில் கை வைத்தார். "தம்பி, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வருவீங்கல்ல? முன்வரிசையில உக்காருங்க. உண்மை பேசறதைப் பத்தித்தான் பிரசங்கம்."

பக்கத்து சீட்

ஒரு நாள் கூரையில்லாத, தாழ்வான பச்சைக் கார் ஒன்று பெரிய பெட்ரோல் பம்புக்கு நேராக வந்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். பக்கத்தில் மீசை வைத்த ஒருவர். நான் சுற்றிக்கொண்டு போய் மீசைக்காரரிடம், "பெரிய பெட்ரோல் சார், நல்ல பவர் இருக்கும்" என்று ஆரம்பித்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "எங்கிட்ட ஏங்க சொல்றீங்க? வண்டி அவங்களது. ரேஸ் ஓட்டறதும் அவங்கதான். நான் வீட்டுக்காரன், சும்மா கூட வர்றேன்."

அந்தம்மா சிரித்துவிட்டார். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு கருவியை அந்தக் காரில் பொருத்தியிருந்தார்கள். அதைத் திறந்து காட்டி, கன்னடம் கலந்த தமிழில் விளக்கினார். அந்த அழுத்தத்தில் சாதா பெட்ரோல் நேரத்துக்கு முன்னாலேயே வெடித்து என்ஜினை உடைத்துவிடுமாம். சாதாரண கார்களில் அந்த அழுத்தமே கிடையாது, அவற்றுக்குப் பெரிய பெட்ரோல் ஊற்றுவது வீண் என்றார். எனக்குப் போதகரின் முகம் ஞாபகம் வந்தது.

"பெங்களூர்ல இது சில நாள் கிடைக்கறதே இல்ல. மெட்ராஸ் ரேஸுக்குப் போறப்ப உங்களை நம்பி வரலாமா?" என்று கேட்டார். எப்போது வந்தாலும் இருக்கும் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இது பவர் இல்லண்ணா, பொறுமை. பிளக்ல பொறி விழற வரைக்கும் வெடிக்காம பொறுத்துக்கும், அவ்வளவுதான்."

சம்பந்தி மரியாதை

சீசன் முடியப்போகிற சமயம். கெலமங்கலத்து நிலக்காரர் ஒருவர் வீட்டில் கல்யாணம். கல்யாணப் பெண்ணின் தாய்மாமா ஊர்வலக் கார்களை வரிசையாக ஓட்டிவந்து நிறுத்தி, எதைப் போடலாம் என்று என்னிடமே கேட்டார். சாதா போதும் என்று சொல்ல வேண்டியவன் நான். இப்போது தெரிந்தேதான் இருந்தது. ஆனால் முதலாளி நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிசையே போட்டுருங்க" என்றேன்.

கார்கள் நிரம்பின. கொண்டுவந்த டின்களும் நிரம்பின. பச்சைக் காருக்காக ஒரு டின் எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. பம்ப் வறண்டு காற்று இழுத்தது. மாமாவுக்குப் பரம திருப்தி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெங்களூருங்க. சாதா போட்டோம்னு தெரிஞ்சா நம்மள மதிப்பாங்களா?"

முதலாளி அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "நீ பொழைச்சுக்குவ."

காலி

அடுத்த நாளே பச்சைக் கார் வந்தது. எங்களை நம்பி டாங்கை ஏறக்குறைய காலியாகவே கொண்டுவந்திருந்தார்கள். இருந்ததெல்லாம் கெலமங்கலத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டது என்று முணுமுணுத்தேன். பெங்களூரிலும் அந்த வாரம் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மெட்ராஸில் ரேஸ் நடத்துகிறவர்களிடம் காரைக் காட்டியாக வேண்டும். வேறு வழியில்லாமல் சாதாவை ஊற்றச் சொன்னார். மெதுவாகப் போனால் எப்படியாவது வேலூர் வரை போய்விடலாம், அங்கே கிடைக்கும் என்றார். என் கையால்தான் ஊற்றினேன்.

மத்தியானம் பெங்களூருக்கு மாங்காய் ஏற்றிப்போன லாரி ஒன்று, பின்னால் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. சானமாவுக் காட்டுக்குள் மேட்டில், பின்னால் வேறொரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததால், அந்தம்மா கொஞ்சம் வேகம் கொடுத்திருக்கிறார். பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிட்டது. யானை நடமாடும் இடத்தில் இரண்டு பேரும் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். ரேஸ் போயிற்று. வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அந்தம்மா குழாயில் கிரீஸ் கையைக் கழுவினார். துண்டை நீட்டினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். துடைத்துக்கொண்டே நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "அந்தக் கல்யாணக் காராவது நல்லா ஓடிச்சா அண்ணா?"

அன்று துண்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன்: நன்றாகத்தான் ஓடியதம்மா, முன்னால் நாதஸ்வரக்காரர் நடந்த வேகத்தில்.