அடிப்பக்கம் தேய்க்காத படகு

கண்மாயில் இறக்கிய படகு நேராகப் போகாமல் இடப்பக்கமாகவே வட்டமடித்தது. கரையில் நின்ற விவசாயிகள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் முப்பது வருஷமாகக் கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் அலங்காரம் செய்தவன். நரிக்குடிப் பக்கத்திலிருந்து முத்துலட்சுமி என்ற விவசாயி வந்து, ரிமோட்டில் ஓடும் மூன்றடிப் படகு கேட்டார். அவருடைய நெல் கடைமடையில் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் விளைந்துவிடும். தண்ணீர் எல்லோருக்கும் போதுமா என்று நடுக்கண்மாயின் ஆழத்தை அளந்து பார்க்காமல் மடையைத் திறக்க மற்ற விவசாயிகள் சம்மதிக்கவில்லை. சேற்றிலும் கருவேல முள்ளிலும் ஆள் இறங்க முடியாது. மோட்டாரும் ஆழம் அளக்கும் கருவியும் ஊர்க்காரர்களே வாங்கிவிட்டார்கள். படகின் உடல் மட்டும் என் பொறுப்பு.

முதலில் சாமான்களை எடை போட்டேன், மூன்று கிலோ. மூன்று தெர்மாகோல் ஷீட்டை ஒட்டி, சூட்டுக் கம்பியால் அறுத்து, மூக்கை அன்னத்தின் கழுத்து போல வளைத்தேன். பக்கங்களை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். மூன்று கிலோ செங்கல்லை ஏற்றித் தொட்டியில் விட்டேன், மிதந்தது. அதோடு திருப்தியாகிவிட்டேன்.

கண்மாய்க் கரையில் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடிப்பக்கத்தை அறுத்தது அறுத்தபடியே விட்டிருந்தேன். மேடை வேலையில் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, அந்தப் பழக்கம். இடப்பக்கம் அரை விரல் தடித்து, படகை இழுத்துக்கொண்டிருந்தது.

"இந்த வெளையாட்டுச் சாமான நம்பி மடையத் திறக்கச் சொல்றீகளா?" என்றார் ஆயக்கட்டுத் தலைவர்.

நாளைக்குச் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்றேன். முத்துலட்சுமி விடவில்லை.

"நாளைக்குன்னு சொல்லீராதீகண்ணே. பயிரு இன்னைக்கே தலையத் தொங்கப் போட்டுருச்சு."

வெட்கத்தை ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். நடுவில் நூல் பிடித்து, இரண்டு பக்கமும் ஒரே மட்டமாகும்வரை தேய்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. இந்த முறை படகு நேராக நடுக்கண்மாய்க்குப் போய்த் திரும்பியது. எல்லோர் வயலுக்கும் போதுமான ஆழம் இருந்தது. சாயங்காலம் கடைமடைக்குத் தண்ணீர் போனது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். செய்த பொருளை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார்கள் என்று மட்டும் யோசிக்காதீர்கள். எந்தப் பக்கம் வேலை செய்யப்போகிறது என்று யோசியுங்கள்.

மறுவருஷம் பக்கத்து ஊர்க் கண்மாய்க்கும் ஒரு படகு வேண்டும் என்று முத்துலட்சுமி வந்தார். செய்து கொடுத்தேன். மூக்கை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கவிழ்த்து, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"இப்பச் சரியா இருக்குண்ணே. வாரேன்" என்று தூக்கிக்கொண்டு போனார்.